சங்கத்தில் போட்ட பணத்துக்குக் காப்பீடு உண்டா?

நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை டெபாசிட் செய்கிறோம். வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம். போட்ட இடம் நொடித்துப்போனால் பணம் திரும்பி வருமா என்று கேட்பதில்லை.

1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது ஏராளமானோரின் சேமிப்பு முடங்கியது. அதையடுத்து 1961-ல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு ரூ.1,500 வரை காப்பீடு. 2020 பிப்ரவரி 4 முதல் ரூ.5 லட்சம். பிரீமியத்தை வங்கியே செலுத்துகிறது. நம்மிடம் வசூலிக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியை முடக்கி, பணம் எடுக்கத் தடை விதித்தால், காப்பீட்டுத் தொகையை 90 நாட்களுக்குள் வழங்க 2021-ம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

எங்கே உண்டு, எங்கே இல்லை?

அரசு, தனியார் வங்கிகள், கிராம வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றில் உள்ள டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இது கிடையாது. மத்திய கூட்டுறவு வங்கியும் கடன் சங்கமும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் சங்கம் தேவைதான். ஆனால், மகள் திருமணத்துக்குச் சேர்க்கும் பணத்தை அங்கே போடும் முன், அதற்கு வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று செயலாளரிடம் கேளுங்கள்.

கணக்கிடும் முறை

ரூ.5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்ந்த வரம்பு. ஒரே வங்கியின் ஒரு கிளையில் ரூ.4 லட்சம், இன்னொரு கிளையில் ரூ.3 லட்சம் இருந்தாலும் காப்பீடு ரூ.5 லட்சத்துக்குத்தான். அதையே இரண்டு வங்கிகளில் போட்டிருந்தால் ரூ.7 லட்சத்துக்கும் காப்பீடு உண்டு. கணவன், மனைவி தனித்தனிப் பெயரில் போட்டால் வரம்பும் தனித்தனி. அந்த வங்கியில் உங்களுக்குக் கடன் பாக்கி இருந்தால், அதைக் கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு.

தனியார் நிதி நிறுவனம் ஏமாற்றினால், தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ன் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் செய்யலாம். ஆனால், பணம் போன பிறகு அலைவதைவிட, போடும் முன் ஒரு கேள்வி கேட்பது எளிது: “இந்த டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டா?”