மைக்ரோவேவ் அடுப்பு: சூடாக்க சரி, சமைக்க?

கதிர்வீச்சு பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. கவலைப்பட வேண்டியது பாத்திரத்தைப் பற்றியும் பழைய சோற்றைப் பற்றியும்தான்

இரவு எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பியதும், காலையில் வைத்த சாம்பாரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டே நிமிடத்தில் ஆவி பறக்க மேஜைக்குக் கொண்டுவந்துவிடலாம். தில்லி, மும்பை, பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பு இடம்பிடிக்க இந்த ஒரு வசதியே போதுமானதாக இருந்தது. ஆனால் ஊரிலிருந்து வரும் மாமியார் அந்தச் சாம்பாரைத் தொடத் தயங்குகிறார். ‘கரண்டு கதிரில் வெந்த சாப்பாடு உடம்புக்கு ஆகுமா?’ என்ற கேள்வி, அந்தப் பெட்டி சமையலறைக்குள் நுழைந்த நாளிலிருந்தே கூடவே இருக்கிறது.

இந்த அடுப்பின் பூர்வீகம் போர்க்களம். 1945ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிக்கான மேக்னட்ரான் குழாய்களில் வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், தன் சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகியிருந்ததைக் கவனித்தார் என்பது பிரபலமான கதை. அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு கிட்டத்தட்ட ஆறடி உயரம், சுமார் 340 கிலோ எடை. மேஜைமேல் வைக்கக்கூடிய அமானா அடுப்பு 1967ல் 495 டாலர் விலையில் வந்த பிறகே அது குடும்பங்களின் பொருளாக மாறத் தொடங்கியது.

வீட்டு அடுப்புகள் 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. இந்த அலை உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இடைவிடாமல் அசைக்கிறது. அந்த அசைவுதான் சூடு. எக்ஸ்ரே போல அணுவின் எலக்ட்ரானைப் பிய்க்கும் சக்தி இந்த அலைக்குக் கிடையாது. அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்குவதில்லை. கதவு சரியாக மூடாமல் வளைந்திருந்தாலோ பூட்டு பழுதாகியிருந்தாலோ மட்டும் அதைப் பயன்படுத்தக்கூடாது.

நீதிமன்றம் போன பயம்

பயத்துக்கு ஒரு வழக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஹெர்டல், எட்டே பேரை வைத்து நடத்திய ஆய்வைக் கொண்டு, மைக்ரோவேவ் உணவு ரத்தத்தில் ஆபத்தான மாறுதல்களை உண்டாக்குகிறது என்றார். 1992ல் அது பத்திரிகையில் பரபரப்பாக வெளியானது. உற்பத்தியாளர் சங்கம் வழக்குத் தொடர்ந்து, அவர் அப்படிப் பேசத் தடை வாங்கியது. 1998ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஹெர்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது அவருடைய பேச்சுரிமைக்குக் கிடைத்த வெற்றி. அவர் சொன்ன விஞ்ஞானத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. சத்துகள் விஷயத்தில் மைக்ரோவேவ் உண்மையில் மோசமில்லை. குறைந்த தண்ணீரில், குறைந்த நேரத்தில் வேகும் காய்கறி, நிறைய தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்த காயைவிட வைட்டமின் சியை அதிகமாகவே தக்கவைத்துக்கொள்ளும்.

எதற்குப் பயப்படலாம்?

முதலாவது, சீரற்ற சூடு. அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் புகும்; அதற்குள் இருக்கும் பகுதிக்குச் சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். ஓரம் கொதிக்கும்போது நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கலாம். கிருமிகளுக்கு அது போதும். நடுவே நிறுத்திக் கிளறி, மூடிவைத்து, எல்லா இடத்திலும் 74 டிகிரியாவது எட்டச் செய்வது பாதுகாப்பு. குழந்தையின் பால் புட்டியை இதில் சூடாக்கவே கூடாது. புட்டி வெளியே மிதமாகத் தெரியும். உள்ளே பாலின் ஒரு பகுதி நாக்கைச் சுட்டுவிடும்.

இரண்டாவது, மீந்த சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் சாதம் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சாதத்தை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மத்தியானச் சோற்றை ராத்திரி வரை மேடையில் விட்டுவைத்துவிட்டு மைக்ரோவேவை நம்புவது வீண். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் பலன்.

மூன்றாவது, பாத்திரம். ஹோட்டல் பார்சல் டப்பாவும் ஐஸ்கிரீம் டப்பாவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலுள்ள ரசாயனங்கள் உணவில் இறங்குவது அதிகமாகும். கண்ணாடியும் பீங்கானும் உத்தமம். எவர்சில்வர் கிண்ணம், ஜரிகை போட்ட தட்டு, அலுமினியத் தாள் மூன்றுக்கும் உள்ளே அனுமதியில்லை. ஓட்டோடு முட்டை வைத்தால் வெடிக்கும். தனித் தண்ணீரை அதிகநேரம் சூடாக்கினால், கொதிக்காமலே இருந்து, ஸ்பூன் பட்டதும் சீறி மேலே பொங்கும்.

தாளிப்புக்கு வழியில்லை

தினசரி சமையலுக்கு? இங்கேதான் நம் அடுப்படியின் குணம் குறுக்கே நிற்கிறது. கடுகு வெடிப்பதும் வெங்காயம் பொன்னிறமாவதும் நேரடிச் சூட்டின் வேலை. சாதாரண மைக்ரோவேவ் வேகவைக்கும், வறுக்காது. பருப்புக்குக் குக்கரே எஜமான்: அதன் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை போகும்; மைக்ரோவேவில் நூறைத் தாண்டுவது கஷ்டம். அளவு இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால் ஆறு பேர் குடும்பத்துக்கு லாபமில்லை. ஆனால் அப்பளம் எண்ணெயின்றிப் பொரியும், உருளைக்கிழங்கு சில நிமிடத்தில் வேகும், தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் இட்லி மறுபடி மிருதுவாகும். ஈரத்துணியில் சுற்றாத சப்பாத்தி மட்டும் தோலாகிவிடும்.

செலவும் பயமுறுத்தாது. 1,200 வாட் இழுக்கும் அடுப்பு ஐந்து நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்தான்.

ஒருவர், இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் குடும்பத்துக்கும் இது கைகொடுக்கும். காஸ் அடுப்பையும் குக்கரையும் ஓரங்கட்டும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். வாங்குவதென்றால், அதோடு நல்ல கண்ணாடிக் கிண்ணங்கள் நான்கையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.