லினக்ஸில் எந்த மெயில் மென்பொருள்? ஒரு ஆரணிக் கணக்கு

"விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தாச்சு, மெயிலுக்கு எதைப் போடறது?" இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பையனோ பொண்ணோ படிச்சு முடிச்ச பிறகு, அந்த மடிக்கணினி வீட்டில் கணக்கு எழுதவும் பில் பார்க்கவும் உழைக்குது. அதுக்கு உயிர் கொடுக்க லினக்ஸ்தான் கைகொடுக்கும்.

இணையத்தில் தேடினால் "சிறந்த 10 மெயில் மென்பொருள்கள்" என்று பட்டியல் கிடைக்கும். எல்லாவற்றிலும் படம் அழகாக இருக்கும். ஆனா பெரும்பாலும் விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு: நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனால், என் மெயிலை எடுத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போக முடியுமா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பிரௌசர் போதாதா?

பலருக்குப் போதும். மாசத்துக்கு நாலு மெயில் வருகிறவர்களுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் ஆரணியில் பட்டுச் சேலை உற்பத்தி செய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு சிறு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கும். ஆனா பட்டு நூல் வாங்கின பில், ஜரிகை பில், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி அறிவிப்பு, கடைக்காரர் அனுப்புகிற டிசைன் கோப்பு இதெல்லாம் மெயிலில்தான் வந்து உட்காரும். ஒரு ஜிமெயில், கடைப் பெயரில் வாங்கின டொமைனில் ஒரு முகவரி, ஆடிட்டருக்காக இன்னொன்று என்று மூணு கணக்காவது இருக்கும்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்கணும். அதாவது 6 வருஷம். இந்த 6 வருஷத்தில் என்னென்ன நடக்கும்? ஜிமெயில் இலவசமாகத் தருகிற 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோ மூணுக்கும் சேர்த்துத்தான். போனில் எடுத்த சேலைப் படங்களாலேயே நிறைஞ்சுடும். நிறைந்தால் புது மெயில் வராது. 2 வருஷம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கலாம். டொமைனுக்குப் பணம் கட்ட மறந்தால் கடைப் பெயரில் இருந்த மெயிலும் அதோடு போகும். அப்போது பில்லைக் கேட்டால், பழைய மெயிலுக்கு எங்கே போவது?

அதனால்தான் சொந்தக் கணினியில் ஒரு நகல் வேணும். டெஸ்க்டாப் மெயில் மென்பொருள் என்பது இந்த வேலைக்கு ஒரு இரும்புப் பெட்டி. மூணு கணக்கும் ஒரே இடத்தில் தெரியும், நெட் இல்லாதபோதும் தேடலாம் என்பதெல்லாம் கூடுதல் லாபம்.

2005-இல் வந்த குறுந்தட்டு

பெட்டியைச் செய்தவர் கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்? தமிழிலேயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 2005 ஏப்ரலில் சென்னையில், மத்திய அரசின் முயற்சியில் சி-டாக் தயாரித்த தமிழ் மென்பொருள் குறுந்தட்டு வெளியிடப்பட்டது. எழுத்துருக்கள், தமிழில் ஓப்பன் ஆபிஸ், தமிழில் ஃபயர்ஃபாக்ஸ் இவற்றோடு, தமிழ் இடைமுகம் கொண்ட ஒரு மெயில் மென்பொருளும் அதில் இருந்தது. அதன் பெயர் கொலம்பா. ஜாவாவில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். தமிழ் மெனுவோடு மெயில் பார்ப்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

சில ஆண்டுகளில் கொலம்பா திட்டம் நின்றுபோனது. யாரும் ஏமாற்றவில்லை. எழுதினவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். திறமூலம் என்பதால் நிரல் யாருக்கும் கிடைக்கும். ஆனா நிரல் கிடைக்கிறது என்பதால் அதைப் பராமரிக்க ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடாது. அதே காலத்தில் விண்டோஸில் கோலோச்சிய அவுட்லுக் எக்ஸ்பிரஸும் இன்று இல்லை. இலவசமோ காசோ, மென்பொருளுக்கு ஆயுள் உண்டு. மெயில் அதைவிட நீண்ட நாள் வாழணும்.

தறியில் ஒரு பாவு முடிந்தால் யாரும் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைத்து, வேலையைத் தொடர்வார்கள். மெயில் மென்பொருள் மாற்றுவதும் அப்படி நடக்கணும். அதுக்கு இழை நம்ம கையில் சிக்கணும். சிக்குமா என்பதை முடிவு செய்வது இரண்டு விஷயம்.

ஒன்று: ஐமேப்பா, பாப்பா?

மெயில் சர்வரிலிருந்து நம்ம கணினிக்கு வர இரண்டு வழி. ஐமேப் முறையில் சர்வரும் கணினியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அங்கே அழிந்தால் இங்கேயும் போகும். போன், கணினி இரண்டிலும் மெயில் பார்க்கிறவர்களுக்கு இதுதான் வசதி. ஆனா ஐமேப்பை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. முக்கியமான மெயிலை வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கணினிக்குள் இருக்கும் உள்ளூர் ஃபோல்டருக்கு நகல் எடுத்து வைக்கணும்.

பாப் முறையில் மெயில் கணினிக்கு இறங்கிவிடும். சர்வரில் விட்டுவைக்கச் சொல்லாவிட்டால் அங்கிருந்து அழிந்தும் போகும். டொமைனோடு கிடைத்த சின்னப் பெட்டி அடிக்கடி நிறைஞ்சுபோகிறவர்களுக்கு பாப் உதவும். தண்டர்பேர்டில் பாப் கணக்கு போட்டால், சர்வரில் 14 நாள் விட்டுவைக்கும் அமைப்பு தானாகவே இருக்கும். வேண்டிய நாளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு: எப்படிச் சேமிக்கிறது?

இறங்கின மெயில் வட்டில் எந்த வடிவத்தில் உட்காருகிறது என்பது அடுத்த விஷயம். எம்பாக்ஸ் என்ற முறையில் ஒரு ஃபோல்டரின் மெயில் முழுக்க ஒரே கோப்பு. பேரேட்டில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போவது மாதிரி. மெயில்டிர், எம்எச் என்ற முறைகளில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. கம்பியில் தனித்தனியாகக் குத்தி வைத்த பில் மாதிரி. மூன்றுமே பல ஆண்டாகப் புழங்குகிற திறந்த வடிவங்கள். அந்தக் கோப்பை ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே அனுப்பியவர், தேதி, பொருள் எல்லாம் படிக்க முடியும். இணைப்பாக வந்த பில் குறியாக்கத்தில் இருக்கும். அதைப் பிரித்தெடுக்க எத்தனையோ கருவிகள் உண்டு.

எம்பாக்ஸில் ஒரு சங்கடம். கோப்பு 4 ஜிபி வளர்ந்துவிட்டால், ஒரே ஒரு மெயில் கூடினாலும் பேக்கப்பில் அந்த 4 ஜிபியும் திரும்ப நகல் ஆகும். அழித்த மெயிலும் "காம்பாக்ட்" செய்கிறவரை உள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். காம்பாக்ட் ஓடும்போது கரண்ட் போனால் கோப்பு கெட வாய்ப்பு உண்டு. யுபிஎஸ் இல்லாத கணினியில் இதைக் கவனத்தில் வைங்க. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இனி ஒவ்வொன்றாக

தண்டர்பேர்டு: 2004 டிசம்பரில் 1.0 வெளிவந்தது. இடையில் மொசில்லா கைவிடுமோ என்ற பேச்சு இருந்தாலும், 2020 முதல் மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்றில் தனியாக நடக்கிறது. உள்ளூர் சேமிப்பு எம்பாக்ஸ். விண்டோஸிலும் ஓடும் என்பதால் ஆடிட்டர் ஆபீஸிலும் வீட்டிலும் ஒன்றையே பழகலாம். காலண்டர் உள்ளேயே இருக்கு. குறை என்றால் எடை: 2 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியில் மூச்சு வாங்கும். இன்னொன்று, "பிரைமரி பாஸ்வேர்ட்" போடாவிட்டால், திறந்து கிடக்கிற கணினியில் உட்காருகிற யாரும் உங்கள் மெயில் கடவுச்சொல்லை அமைப்புகளில் போய்ப் பார்த்துவிடலாம். கடையில் நாலு பேர் கை படுகிற கணினி என்றால் முதல் நாளே அதைப் போட்டுடுங்க.

எவல்யூஷன்: க்னோம் பக்கத்து மென்பொருள். 1.0 வந்தது 2001-இல். உள்ளூர் மெயிலை மெயில்டிர் முறையில் வைக்கிறது. கணக்கு, மெயில், முகவரி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக பேக்கப் எடுக்க மெனுவிலேயே வசதி உண்டு. அலுவலக மெயில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்போடு விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கணும். இரண்டுக்கும் துணைப் பொதிகள் கிடைக்கின்றன. ஐமேப் கணக்கில், மெயிலை உள்ளூரில் நகலெடுத்து வைக்கும் அமைப்பை டிக் செய்தீர்களா என்று ஒருமுறை பாருங்க. இல்லன்னா, நெட் இல்லாத நேரத்தில் தலைப்பு மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

கேமெயில்: கேடிஇ திரையில் அழகாகப் பொருந்தும். இதுவும் மெயில்டிர்தான். ஆனால் பின்னணியில் அகோனாடி என்ற சேவையும் ஒரு தரவுத்தளமும் ஓடணும். நல்ல கணினியில் சரி, பழையதில் பாரம்.

கிளாஸ் மெயில்: சில்பீட் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. எம்எச் முறையில் மெயிலுக்கு ஒரு கோப்பு. மிக லேசானது. இருபதாயிரம் மெயில் இருந்தாலும் பழைய மடிக்கணினியில் சட்டென்று தேடித் தரும். ஆனா எழுதுவது வெறும் எழுத்தில் மட்டும்தான். வண்ணம், தடித்த எழுத்து, நடுவில் சேலைப் படம் எல்லாம் கிடையாது. படத்தை இணைப்பாக அனுப்பலாம். வருகிற மெயிலை வண்ணத்தோடு பார்க்கவும் துணைநிரல் போடணும். வாடிக்கையாளருக்கு அலங்காரமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஒத்துவராது. பில்லைச் சேர்த்துவைக்க இது போதும்.

ஜியரி: பார்க்க எளிமை, பழகவும் எளிமை. ஐமேப் மட்டும்தான், பாப் கிடையாது. மெயிலைத் தன் தரவுத்தளத்தில் வைக்கிறது. எவ்வளவு காலத்து மெயில் இறங்கணும் என்பதை அமைப்பில் சொல்லணும். சர்வரில் இருப்பதைப் பார்க்கும் ஜன்னலாக நல்லது. பல வருஷத்துக்கு மெயிலைப் பூட்டிவைக்கிற பெட்டியாக நான் இதை எண்ண மாட்டேன்.

எதைப் போட்டாலும் ஜிமெயில் சேர்க்கும்போது ஒரு தடை வரும். வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து உள்ளே போகும் வழியை கூகுள் 2022-இல் சாதாரணக் கணக்குகளுக்கு மூடிவிட்டது. தண்டர்பேர்டு, எவல்யூஷன் இரண்டும் கூகுளின் நுழைவுப் பக்கத்தையே திறந்து அனுமதி வாங்கிக்கொள்ளும். கிளாஸ் மெயிலுக்கு, கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, "ஆப் பாஸ்வேர்ட்" ஒன்று எடுத்துக் கொடுப்பது சுலபம்.

என் தேர்வு

4 ஜிபியோ அதற்கு மேலோ ராம் இருந்தால் தண்டர்பேர்டு. அவுட்லுக்கிலிருந்து மூட்டையோடு வந்தால் எவல்யூஷன். 2 ஜிபி மடிக்கணினியில் பில் சேமிப்பு மட்டும்தான் வேலை என்றால் கிளாஸ் மெயில்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும். புது மென்பொருளில் உள்ளூர் ஃபோல்டர் ஒன்று போட்டு, பத்து பில் மெயிலை அதில் நகல் எடுங்க. மென்பொருளை மூடுங்க. அதன் மெயில் ஃபோல்டரை ஒரு பென் டிரைவுக்கு மாற்றுங்க. தண்டர்பேர்டு என்றால் ஹோமில் புள்ளியில் தொடங்குகிற மறைந்த ஃபோல்டர். உபுண்டுவின் ஸ்னாப் பொதியில் நிறுவியிருந்தால் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும். பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில், முடிந்தால் வேறொரு மெயில் மென்பொருளில், அதைத் திறக்கப் பாருங்க. மென்பொருளுக்கு மென்பொருள் வடிவம் வேறுபட்டால், எம்பாக்ஸாக ஏற்றுமதி செய்து திறக்கலாம். பத்து பில்லும் இணைப்போடு திறந்தால் அந்த மென்பொருளை நம்பி வேலையைத் தொடங்கலாம். திறக்காவிட்டால், பத்தாயிரம் மெயில் சேருவதற்கு முன்னாலேயே தெரிஞ்சுபோச்சே என்று அடுத்ததைப் பார்க்கலாம்.