மூக்கை அளந்தால் மனிதன் தெரிவானா?

போன மாதம் வகுப்பில் ஒரு நண்பனை "டேய் சப்பை மூக்கா"ன்னு கூப்பிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் சிரிக்கல. மதியம் சாப்பிடவும் எங்களோடு உட்காரவில்லை. நான் அதை மறந்தே போனேன். எழும்பூர் மியூசியத்தைப் பற்றிப் படித்தபோதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

லஸ்ஸில் பஸ் ஏறி நாம் போய்வந்த அதே மியூசியம்தான். (என் பாட்டி அதை 'செத்த காலேஜ்' என்பார்!) 1885-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். மியூசியத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களையே நிறுத்தி, கவராயம் போன்ற கருவியால் தலையையும் மூக்கையும் அளந்தார். ஊர் ஊராகப் போயும் அளந்தார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி, ரங்காச்சாரியின் உதவியோடு 7 தொகுதிகள் வெளியிட்டார்.

மூக்கை ஏன் அளக்கணும்? கணக்கு இதுதான்:

மூக்கின் அகலம் ÷ உயரம் × 100

70-க்குக் கீழே வந்தால் குறுகிய மூக்கு. 70 முதல் 85 வரை நடுத்தரம். 85-க்கு மேல் அகன்ற மூக்கு. இதை வைத்தே மனிதர்களை இனம் பிரித்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சாதியில் நிலை தாழும் என்றே எழுதினார். குறுகிய மூக்கு வெளியிலிருந்து வந்த ஆரியருடையது, அகன்ற மூக்கு இங்கே முன்பே இருந்தவர்களுடையது என்பது அவர் எண்ணம்.

கருவி பொய் சொல்லவில்லை. மில்லிமீட்டர் சரிதான். தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. யார் உசத்தி என்ற விடையை முதலில் வைத்துக்கொண்டு, அப்புறம் கணக்குப் போட்டார்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துட்டு நாம 'ஸ்டெப்' எழுதுவோமே, அதே மாதிரி!

1948-ல் வெளிவந்த நூலில் டாக்டர் அம்பேத்கர் மூக்களவுகளையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டாமைக்கு ஆளானவர்களும் வேறு வேறு இனம் என்ற வாதம் நிற்காது என்று காட்டினார். 2009-ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாப் பிரிவினருமே பழைய மூதாதையர் கூட்டங்களின் கலப்புதான் என்று தெரிந்தது. அளவு கூடலாம், குறையலாம். கலப்பில்லாதவர் என்று யாரைச் சொல்வது? அதற்கும் முன்னே போனால், நம் எல்லாருக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

மூக்கின் வடிவத்துக்குத் தட்பவெப்பத்தோடும் தொடர்பு உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்டு மக்களுக்கு மூக்குத் துவாரம் அகலமாக இருக்கும் போக்கு உண்டு என்று 2017-ல் ஓர் ஆய்வு கூறியது. நம்ம சென்னை வெயிலும் புழுக்கமும் போதாதா?

நானும் ஸ்கேலை எடுத்தேன். என் மூக்கு: அகலம் 38 மி.மீ., உயரம் 44 மி.மீ. விடை 86. அக்காவுக்கு 33, 48. விடை 69. ஒரே அம்மா, ஒரே வீடு, இரண்டு 'இனம்'! அந்தக் கணக்குப்படி சப்பை மூக்கன் நான்தான்.

மறுநாள் நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். இப்போ சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

நண்பர்களே, நீங்களும் வீட்டில் அளந்து பாருங்கள். ஆனால் அளக்கும் முன், மனசுக்குள் விடையை எழுதி வைத்திருக்கிறோமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.