பன்றிக்கு நெருப்பு போதும், ஆமைக்குப் போதாது

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு. கற்பிட்டிப் பக்கம் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுவோம். அப்போது யாராவது "மலிவா தர்றேன்" என்று காட்டுப் பன்றி இறைச்சியோ ஆமை இறைச்சியோ கொண்டுவந்தால், "நல்லா வேக வச்சா ஒண்ணும் செய்யாது" என்று வாங்கிவிடுகிறோம். இந்தப் பேச்சு பாதிதான் சரி.

முதலில் காட்டுப் பன்றி. அதன் தசையில் ட்ரிக்கினெல்லா என்ற புழுவின் குஞ்சுகள் சுருண்டு கிடக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அரைவேக்காட்டில் தின்றால் ஓரிரு நாளில் வயிற்றுவலி, பேதி வரும். சில வாரங்களில் காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் வரும். வட இந்தியாவின் உத்தராகண்ட் மலைப் பகுதியில் காட்டுப் பன்றி சாப்பிட்டவர்கள் இந்நோயில் விழுந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். இதைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2014இல் வெளியானது.

உப்புப் போட்டுக் காயவைத்தாலும், அடுப்புப் புகையில் தொங்கவிட்டாலும் புழு சாகும் என்று நம்ப முடியாது. துண்டின் நடுப்பகுதி வரை 71 பாகை சூடு ஏற வேண்டும். ஆகவே சின்னத் துண்டுகளாக வெட்டி, உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவையுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள். குடலை, கழிவை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

கடலாமை விஷயம் வேறு. அங்கே புழு அல்ல, நஞ்சு. எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. மாற்று மருந்தும் கிடையாது. வாந்தி, வாய் தொண்டை எரிச்சல், விழுங்க முடியாமை, பிறகு மயக்கம், மரணம். ஆமை இறைச்சியால் இறந்தவர்களின் பிரேத பரிசோதனை விவரங்களை நம் நாட்டு வைத்தியர்கள் 1988இல் வெளியிட்டார்கள். தாய் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் நஞ்சு போய், பிள்ளை இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் இலங்கையில் குற்றமுங்கூட.

ஆகவே ஆமை இறைச்சியை யார் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். வேட்டை இறைச்சி சாப்பிட்டபின் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் தாமதிக்காமல் தோட்ட வைத்தியரிடம் போங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதை வெட்கப்படாமல், பயப்படாமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்தால்தான் அவர் சரியான வைத்தியம் பார்க்க முடியும்.