மலைப்பாதை ஜீப்புக்குப் பழைய கியர் பெட்டி

களக்காட்டுக்குத் தெற்கே உள்ள திருக்குறுங்குடியிலிருந்து திருமலை நம்பி கோயிலுக்கு ஏறும் காட்டுப்பாதை, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உட்பட்டது. தார்ச்சாலைக்கென்று வடிவமைக்கப்பட்ட எந்த வாகனத்துக்கும் அது ஏற்றதன்று. உருளைக் கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் நிறைந்த அப்பாதையில், நடந்து ஏற இயலாத பக்தர்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைப் பழைய ஜீப்புகளே நெடுங்காலமாகச் சுமந்து வருகின்றன. இவ்வகை வண்டிகளின் எஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைகள் சிற்றூர்களிலும் உண்டு, உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால், ஏற்றத்தில் எஞ்சினின் முழு வலுவையும், இறக்கத்தில் வண்டியின் முழுப் பாரத்தையும் மாறி மாறித் தாங்கும் கியர் பெட்டி தேய்ந்துபோனால், அதற்கு ஈடான புதிய பெட்டி கிடைப்பது அரிது. ஆகவே வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டியை வாங்கிப் பொருத்துவதே நடைமுறையாகிவிட்டது. அந்தப் பெட்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பொருத்துவது என்பவற்றை அறிய, முதலில் அது செய்யும் வேலையை அறிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்குக் கீழே போனால் நின்றுவிடும்; ஆனால் மலைப்பாதையில் சக்கரம் மிக மெதுவாகவும் மிகுந்த முறுக்கு விசையோடும் சுழல வேண்டும். சிறிய பற்சக்கரம் ஒன்று பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைந்து, அதே அளவுக்கு முறுக்கு விசை கூடுகிறது என்னும் எளிய விதியே இந்த இரண்டு தேவைகளையும் இணைக்கிறது. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இருந்த டி-90 என்னும் மூன்று கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.798, அதன் பின்னால் இணைந்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது எஞ்சினின் வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் துணைப் பெட்டியில், ‘லோ’ நிலையின் விகிதம் 2.46, அச்சில் உள்ள டிஃபரென்ஷியலின் விகிதம் 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37 வரும். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும் வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் அளவில்தான், அதாவது மனிதன் நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் நகரும். கல்லின்மேல் சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கும் ஆற்றல் இந்தப் பெருக்கத்தொகையில்தான் இருக்கிறதே தவிர, எஞ்சினின் குதிரைத்திறனில் அன்று.

இந்தியாவில் ஓடும் ஜீப்புகள் அனைத்துக்கும் ஒரே கியர் பெட்டி என்று எண்ணுவதே வாங்குவோர் செய்யும் முதல் பிழை. 1945இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம், 1947 முதல் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது, பின்னர் சி.ஜே. 3பி என்னும் வகையின் உற்பத்தி அமெரிக்காவில் நின்ற பிறகும் அதை இங்கே நெடுங்காலம் உருவாக்கியது. இவ்வழியில் வந்த வண்டிகளில் டி-90 பெட்டி இருந்தது. பெஜோ நிறுவனத்தின் 2,112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினோடு வந்த எம்.எம். 540 போன்ற வண்டிகளில் நான்கு கியர் கொண்ட கே.எம்.டி. 90 பெட்டி இடம்பெற்றது. அதற்கும் பின்னால் வந்த பொலேரோ முதலிய வண்டிகளில் என்.ஜி.டி. வரிசையைச் சேர்ந்த ஐந்து கியர் பெட்டிகள் வந்தன. ‘90’ என்னும் எண் இரண்டு பெயர்களில் ஒட்டியிருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தும் என்று கொள்வது தவறு. மேலும், ஒரே பெயருடைய பெட்டியிலேயே இருசக்கர இயக்க வண்டிக்கு உரியதும் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு உரியதும் வேறுபடும். முன்னதில் மெயின் ஷாஃப்ட் என்னும் முதன்மைத் தண்டு நேரே, அச்சுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டோடு இணைவதற்கான வாலோடு முடியும். பின்னதிலோ அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீண்டு, அங்கே ஒரு பற்சக்கரத்தைத் தாங்கி நிற்கும். வெளிக்கூடு ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளிருக்கும் தண்டு மாறுபட்டால், வாங்கிய பெட்டியை முழுவதும் பிரித்தே ஆக வேண்டும்.

பற்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் முறையும் அறியத்தக்கது. தொடக்ககால வண்டிகளில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்களை ஓட்டுநர் தம் கைத்திறனால் மட்டுமே இணைக்க வேண்டியிருந்தமையால் கியர் மாற்றும்போதெல்லாம் பற்கள் கரகரத்தன. 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான சின்க்ரோ என்னும் அமைப்பு இந்த இடரைத் தீர்த்தது. பித்தளை போன்ற செப்புக் கலவையால் ஆன, உட்புறம் கூம்பு வடிவில் அமைந்த ஒரு வளையம், இணைய வேண்டிய பற்சக்கரத்தின் கூம்பின்மேல் முதலில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பின்னரே பற்கள் கோத்துக்கொள்ள வழிவிடுகிறது. டி-90 பெட்டியில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு மட்டுமே இவ்வளையம் உண்டு. முதல் கியருக்கு இல்லை. எனவே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதனை முதல் கியருக்கு இறக்க முயலும் ஓட்டுநர், இருமுறை கிளட்ச் மிதித்து நடுவே எஞ்சின் வேகத்தைக் கூட்டத் தெரியாதவராயின், ஒவ்வொரு முயற்சியிலும் பற்களின் முனையைச் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டிருக்கிறார். பழைய டி-90 பெட்டிகளில் முதல் கியரின் பற்கள் ஒருபக்கம் மழுங்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

மலைப்பாதை வண்டிகளுக்கே உரிய வேறொரு நோய், போட்ட கியர் தானே கழன்று வருவது. ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சினின் தடையாலேயே வண்டியை இறக்குவதுதான் நல்ல ஓட்டுநரின் முறை என்றாலும், அப்போது பாரம் பற்களின் மறுபக்கத்தில் விழுகிறது. கோத்துக்கொள்ளும் சிறு பற்கள் காலப்போக்கில் சாய்வாகத் தேய்ந்துவிட்டால், பாரம் மாறும் நொடியில் அந்தச் சாய்வே பற்களைப் பின்னோக்கி வழுக்கிவிடுகிறது. டி-90 பெட்டியில் இது பெரும்பாலும் இரண்டாம் கியரில் நிகழ்வதாகப் பெயர் பெற்றது. கியரை நிலைநிறுத்தும் சிறு குண்டையும் அதன் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்றிவிட்டுக் குறை தீர்ந்துவிட்டதாகக் கருதுவோர் பலர். ஆனால் தேய்ந்த பற்களோ, கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் வளைவோ, ஆட்டம் கண்ட பேரிங்கோ, ஃபிளைவீலின் நடுவே தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷின் தேய்மானமோ காரணமாக இருக்கும்போது, ஸ்பிரிங்கை மாற்றுவதால் ஒரு சில நாள் நிம்மதி மட்டுமே கிட்டும். செங்குத்தான இறக்கத்தில் கியர் கழன்ற வண்டிக்கு மிஞ்சுவது பிரேக் ஒன்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறு குறையன்று என்பது விளங்கும்.

பழைய பெட்டிகள் கிடைக்கும் இடங்களில் சென்னை புதுப்பேட்டை பெயர்பெற்றது. தென் மாவட்டங்களிலும் காயலான் கடைகளும் வண்டி உடைக்கும் பட்டறைகளும் உண்டு. முன்பு அரசுத் துறைகள் கழித்துவிட்ட ஜீப்புகளின் ஏலமும் ஒரு நல்ல வழியாக இருந்தது. ஆனால் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையங்கள் வழியாகவே அகற்றப்பட வேண்டும் என்னும் விதியும் வந்துவிட்டது. எங்கே வாங்கினாலும் ரசீது இன்றியமையாதது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவாகின்றன. கியர் பெட்டிக்கு அத்தகைய பதிவு இல்லை. ஆகவே, திருட்டு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை இனங்காண வாங்குபவருக்கு வேறு வழியில்லை. விற்பவரின் பெயரும் முகவரியும் கொண்ட ரசீதே அவருக்குக் காப்பு.

கடையில் தரையில் கிடக்கும் பெட்டி, வெளியே டீசலால் கழுவிப் பளபளப்பாக இருப்பதால் எதையும் மெய்ப்பிக்காது. மேல்மூடியைக் கழற்றிக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது. மூடியைத் திறந்தவுடன் கவனிக்க வேண்டியது எண்ணெய். கறுத்திருப்பது இயல்பு, பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது, பேரிங்குகள் துருப்பிடித்திருக்கக்கூடும். அடியில் படிந்ததை விரலால் வழித்தால், மை போன்ற நுண்துகள் நெடுநாள் தேய்மானத்தையும், விரலில் நெருடும் இரும்புச் சில்லுகள் உடைந்த பல்லையும் காட்டும். அடுத்து, ஒவ்வொரு பற்சக்கரத்தையும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பல்லின் முகத்தில் குழிகள் விழுந்துள்ளனவா, முனைகள் உடைந்துள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சின்க்ரோ வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்தி, அதற்கும் பற்சக்கரத்துக்கும் இடையே இடைவெளி எஞ்சியிருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் அளக்கலாம். வளையம் பற்சக்கரத்தைத் தொட்டுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பேரிங்கின் ஆட்டம் கைக்கே தெரியும். அத்தண்டின் நீளம், ஸ்ப்லைன் எனப்படும் நெடும்பள்ளங்களின் எண்ணிக்கை, முனையின் விட்டம் ஆகிய மூன்றையும் பழைய பெட்டியின் தண்டோடு ஒப்பிட்ட பின்னரே விலை பேச வேண்டும். பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் இவை மாறக்கூடும். கடைசியாக, கூட்டின் போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்போ, வெல்டிங் செய்த தழும்போ இருந்தால் அந்தப் பெட்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

பொருத்தும் பணியில் உயிருக்கே ஆபத்தான நிலை தொடக்கத்தில்தான் வருகிறது. பழைய ஜீப்புகளில் கை பிரேக், சக்கரங்களில் அன்றி, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் உள்ள டிரம்மில் இயங்குகிறது. பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியவுடன் அந்தப் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் வண்டிக்கு அடியில் படுப்பது அறவே கூடாது. எஞ்சினின் பின்பாகத்தைத் தாங்குவதும் கியர் பெட்டிக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டமே ஆதலால், அதைக் கழற்றும் முன் எஞ்சினுக்குத் தனியே ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும்.

டி-90 பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் கட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்மூடியைத் திறந்து, மெயின் ஷாஃப்டின் கடைசியில் உள்ள பெரிய நட்டையும் அதன் முன்னுள்ள பற்சக்கரத்தையும் எடுத்த பின், கேஸைப் பின்னோக்கி இழுக்கும்போது தண்டும் சேர்ந்து வெளியே வர முயலும். அப்படி வந்துவிட்டால் சின்க்ரோவின் சிறு பாகங்கள் பெட்டிக்குள் சிதறி, ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். எனவே, இழுக்கும் முன் கியர் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, தண்டில் இரண்டாம் கியருக்குப் பின்னால் ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கி, முன்பக்கத்து போல்ட்களில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். பழைய வில்லிஸ் பணிமனைக் கையேடே பரிந்துரைக்கும் முறை இது.

புதிதாக வாங்கிய பெட்டியை ஏற்றும் முன், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், ஆயில் சீல்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவது சிக்கனமே. இவற்றுள் ஒன்றுக்காகப் பின்னொரு நாள் பெட்டி முழுவதையும் மீண்டும் இறக்க நேர்வதைவிட இவற்றின் விலை குறைவு. கிளட்ச் பிளேட்டைப் பழைய கிளட்ச் தண்டு ஒன்றைக் கொண்டு நடுமையப்படுத்தி இறுக்கினால் பெட்டி தானே உள்ளே போய் உட்காரும். விரல் அளவு இடைவெளி எஞ்சும்போது போல்டை முறுக்கி இழுத்துச் சேர்க்க நினைப்பது, பிளேட்டின் மையத்தை வளைப்பதிலோ கூட்டின் காதை உடைப்பதிலோதான் முடியும். பெட்டியின் முழுப் பாரமும் தண்டின் வழியாகப் பிளேட்டின்மேல் தொங்க ஒரு நொடியும் விடலாகாது. எண்ணெயிலும் கவனம் வேண்டும்: டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல். 5 தர எண்ணெயில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால், 90 பாகுநிலை கொண்ட ஜி.எல். 4 தர எண்ணெயே இப்பெட்டிகளுக்குத் தகும்.

பழைய ஜீப்புக்கு ஐந்து கியர் பெட்டியை ஏற்றும் ஆசை இன்று பரவலாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சல் குறையும் என்பது உண்மையே. ஆனால் அதற்காகப் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் குறுக்குச் சட்டத்தின் இடமும் மாற வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் கருத வேண்டும். நம்பி கோயில் பாதையில் ஐந்தாம் கியருக்கு வேலையே இல்லை. அங்கே ஓடும் வண்டிக்கு, அதன் பிறப்பிலேயே அமைந்த வகைப் பெட்டியை, மூடியைத் திறந்து பார்த்து, ரசீதோடு வாங்கி, முறையாகப் பொருத்துவதே தகுந்தது; வாங்கச் செல்வோர் ஒரு ஃபீலர் கேஜையும் டார்ச் விளக்கையும் பழைய தண்டின் அளவுகளையும் மறவாமல் எடுத்துச் செல்க.