ஜெயித்த குதிரை 17ஆவது இடத்துக்குப் போனது எப்படி? ரேஸில் ஜாக்கியின் தப்பை முடிவு செய்வது யார்?

2019 மே 4, அமெரிக்காவின் லூயிவில் நகரம். கென்டக்கி டெர்பி ரேஸில் 'மேக்ஸிமம் செக்யூரிட்டி' முதலில் வந்துவிட்டது. ஜாக்கி லூயிஸ் சாயெஸ் கொண்டாட்டத்தையும் ஆரம்பித்துவிட்டார். சுமார் 22 நிமிடம் கழித்து முடிவு தலைகீழானது. ஜெயித்தது 'கன்ட்ரி ஹவுஸ்', மேக்ஸிமம் செக்யூரிட்டிக்கு 17ஆவது இடம்! யாருமே பெரிதாக எதிர்பார்க்காத கன்ட்ரி ஹவுஸ் மேல் 2 டாலர் கட்டியவருக்கு 132.40 டாலர் கிடைத்தது.

என்னதான் நடந்தது?

அன்று மழையால் டிராக் முழுக்கச் சேறு. கடைசி வளைவில் முன்னால் ஓடிய மேக்ஸிமம் செக்யூரிட்டி திடீரென வெளிப்பக்கம் விலகியது. பின்னால் வந்த 'வார் ஆஃப் வில்' கிட்டத்தட்ட அதன் கால்களில் இடறப் பார்த்தது. அந்த வேகத்தில் ஒரு குதிரை விழுந்தால் பின்னால் வருபவையும் அதன் மேல் விழும். ஜாக்கிகளின் உயிருக்கே ஆபத்து. இரண்டு ஜாக்கிகள் புகார் கொடுக்க, ஸ்டூவர்டுகள் எனப்படும் மூன்று நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் சத்தத்தில் குதிரை மிரண்டுவிட்டது என்றார் சாயெஸ். அது உண்மையாகவே இருந்தாலும் குதிரையைக் காப்பாற்றியிருக்காது. ஏனென்றால் நடுவர்கள் முதலில் பார்ப்பது, இடையூறு இன்னொரு குதிரையின் இடத்தைப் பாதித்ததா என்பதைத்தான். வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. ஜாக்கி தடுத்திருக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில் சில நாள் கழித்து வந்தது: குதிரையைக் கட்டுப்படுத்தத் தவறியதாக சாயெஸுக்கு 15 நாள் தடை.

இதில் நெருடல் என்னவென்றால், இடையூறுக்கு ஆளானதாக நடுவர்கள் சொன்ன மூன்று குதிரைகளில் கன்ட்ரி ஹவுஸ் இல்லை. பிரிட்டனில் விதி வேறு. தடுக்கப்பட்ட குதிரை, தடுத்த குதிரையை முந்தியிருக்கும் என்று தோன்றினால்தான் இடத்தை மாற்றுவார்கள். அங்கே என்றால் மேக்ஸிமம் செக்யூரிட்டி தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம். உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போயும் பார்த்தார்கள். நடுவர்களின் முடிவில் தலையிட கோர்ட் மறுத்துவிட்டது.

ஜாக்கியே சொதப்பினால்?

1957இல் இதே டெர்பியில் பில் ஷூமேக்கர் என்ற பெரிய ஜாக்கி, தூரம் காட்டும் ஒரு கம்பத்தை வெற்றிக்கோடு என்று நினைத்து சேணத்தில் எழுந்து நின்றுவிட்டார். ஒரு நொடிதான். 'கேலன்ட் மேன்' மூக்கு நுனி அளவில் தோற்றது. யாருக்கும் இடையூறு இல்லாததால் முடிவு மாறவில்லை. ஆனால் ஷூமேக்கருக்குத் தடை விழுந்தது. அதுவும் 15 நாள்தான்!

அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனலில் ராணியின் தாயாருக்குச் சொந்தமான 'டெவன் லாக்' ஜெயிக்கப்போகும் கடைசி நேரத்தில், தடையே இல்லாத இடத்தில் வயிறு தரையில் படச் சரிந்தது. ஜாக்கி டிக் ஃபிரான்சிஸ் மேல் யாரும் பழி போடவில்லை. பிறகு துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற அவருக்கே இந்த மர்மம் பிடிபடவில்லை. கூட்டத்தின் சத்தத்தில்தான் குதிரை மிரண்டிருக்கும் என்பது அவருடைய ஊகம். கிட்டத்தட்ட சாயெஸ் சொன்ன அதே காரணம்.