விடியற்கால ரயிலும் வயிற்றின் நேரமும்

கோலார் தங்கவயலில் விடிவதற்கு முன்பே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, பலருக்குப் பெங்களூருக்குப் போனால்தான் பிழைப்பு. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என ஆளேற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் தள்ளிப்போவது காலைக்கடன். இரண்டு நாள் போனதும் "வெளிக்கே போகலையே" என்ற கவலை வந்து, பேதி மாத்திரையைத் தேட வைக்கிறது. டீ ஆறுவதற்குள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று பார்த்துவிடுவோம்.

நாம் குடிக்கும் தண்ணீரும் உடம்பே சுரக்கும் உமிழ்நீர், பித்தநீர் முதலியவையும் சேர்ந்து, ஒரு நாளைக்குக் குடலுக்குள் இறங்கும் நீர் சுமார் 9 லிட்டர். பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். ஒன்றரை லிட்டர் போலப் பெருங்குடலுக்கு வரும். அதுவும் தன் பங்குக்கு நீரை இழுத்துக்கொள்ளும். மூடாமல் விட்ட ராகிக் களி நேரமாக ஆக இறுகுவதுபோல, மலமும் உள்ளே தங்கத் தங்க இறுகும்.

பெருங்குடல் நாள் முழுக்க லேசாகத்தான் அசையும். ஓரிரு முறை மட்டும் பெரிய அலை ஒன்று எழுந்து, இருப்பதை மலக்குடலுக்குத் தள்ளும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் அது எழ வாய்ப்பு அதிகம். மலக்குடல் விரியும்போதுதான் நமக்கு 'வருகிறது' என்று தெரிகிறது. ரயிலுக்கு நேரமாச்சு என்று அடக்கினால் உணர்வு சற்று நேரத்தில் அடங்கிவிடும், மலம் போகாது. அடக்குவதே வழக்கமானால், அந்த உணர்வும் மங்கிப்போகிறது.

இனி, பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம்: தினமும் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் வில்லியம் ஆர்பத்நாட் லேன் இதை நம்பி, நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் அல்வாரெஸ் இதை மறுத்தார். தலைபாரமும் சோர்வும் மலக்குடல் விரிந்து நிற்பதால் வருபவை என்றார். யோசித்துப் பாருங்கள்: மலம் கழிந்த உடனே தலை லேசாகிவிடுகிறது. ரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் தெளியுமா?

ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் சரி, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் சரி, முக்காமல் மெத்தென்று போனால் இருவருமே நலம்தான். பேதி மாத்திரை சேர்ந்திருந்த மொத்தத்தையும் ஒரேயடியாக வெளியேற்றிவிடும். மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியை மலச்சிக்கல் என்று நினைத்து அடுத்த மாத்திரையைப் போடுகிறோம். பழக்கம் பிடிப்பது இப்படித்தான்.

மாத்திரை இல்லாமலே மலம் இளகிப் போக, கோலார்ப் பக்கத்து ராகி நல்ல துணை. நூறு கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம்; தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நார் செரிக்காது, நீரைப் பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கி வைக்கும். அதனால் அவரைக்கொட்டைக் குழம்போடு களி சாப்பிடுபவர் தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும். பழக்கமில்லாதவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.

ரயிலுக்குப் போகிறவர் இருபது நிமிடம் முன்னே எழுந்து, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். வந்தால் சரி, வராவிட்டால் முக்காமல் எழுந்துவிடலாம். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தினால், மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழிவிடும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மாறும் பழக்கம் ஆகியவற்றுக்குக் கைவைத்தியம் வேண்டாம்; மருத்துவரிடம் போய்விட வேண்டும். தார் போலக் கறுத்த மலமும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும். அது மாத்திரையில் உள்ள இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம்.